கண்ணாடி இல்லாத லாரியும் நம் கடைத்தெருவும்

மின்சார சுமை வண்டி வாங்கலாமா என்று யோசிக்கும் வணிக நண்பர்கள் இப்போது நம் பக்கத்திலும் பெருகி வருகிறார்கள். டீசல் செலவு, பேட்டரியின் ஆயுள், வங்கிக் கடன் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு முடித்தபின் கடைசியாக அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வெளிநாட்டில் பக்கக் கண்ணாடியே இல்லாத லாரி வந்துவிட்டதாமே! மழைநீரைத் துடைக்க வைப்பரும் தேவைப்படாதாமே! இன்னும் இரண்டு வருடம் பொறுத்தால் அந்த மாதிரி வண்டியே இங்கும் வந்துவிடுமே, இப்போது எதற்கு அவசரப்பட வேண்டும்?"

கேள்வி நியாயமானதுதான். ஆறேழு லட்சம் ரூபாய் போட்டு வாங்கும் வண்டி, வாங்கிய மறு வருடமே பழைய சரக்காகிவிடக் கூடாது என்று நினைப்பது வியாபாரிக்கே உரிய முன்யோசனை. ஆனால் பொறுத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. மாதாமாதம் டீசலுக்குக் கொடுக்கும் பணமே அந்த விலை. ஆகவே கண்ணாடியும் வைப்பரும் இல்லாத வண்டி என்பது என்ன, அது யாருக்குப் பயன்படும், பாப்பாரப்பட்டியில் மளிகைச் சரக்கு ஏற்றி இறக்கும் நமக்கு அதனால் என்ன கிடைக்கும் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

கண்ணாடியை எடுத்தது ஏன்?

2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் தனது ஆக்ட்ரோஸ் லாரியைப் புதிய வடிவில் காட்டியது. பெரிய பக்கக் கண்ணாடிகள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதற்குப் பதிலாகக் கூரையின் இரு ஓரங்களிலும் கை போல நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிறு கேமராக்கள். அவை பிடிக்கும் படம் ஓட்டுநர் அறைக்குள் முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்களிலும் பொருத்தப்பட்ட 15 அங்குலத் திரைகளில் தெரியும். லாரி வளைவில் திரும்பும்போது படமும் கூடவே திரும்பி, பின்னால் வரும் டிரெய்லரின் கடைசி வரை காட்டும். பனியும் ஈரமும் படியாதிருக்கக் கேமராவைச் சூடாக்கும் ஏற்பாடும் உண்டு.

இந்த மாற்றத்துக்கு அழகு காரணமல்ல, காற்றுதான் காரணம். லாரியின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகள் காற்றைத் தடுக்கின்றன. அந்தத் தடையை மீறிச் செல்ல எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடிகளை எடுத்துவிட்டால் நெடுஞ்சாலை ஓட்டத்தில் எரிபொருளில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் வரை மிச்சமாகும் என்றது அந்நிறுவனம். இரவு பகலாக ஐரோப்பா முழுவதும் ஓடும் 40 டன் லாரிக்கு ஒன்றரை சதவீதம் என்பது வருட முடிவில் நல்ல தொகை. மின்சார லாரிக்கோ அது பணம் மட்டுமல்ல, தூரமும்கூட. ஒரு தடவை ஏற்றிய மின்சாரத்தில் இன்னும் சில கிலோமீட்டர் கூடுதலாகப் போகலாம். மின்சார லாரி செய்வோர் கண்ணாடியின் மேல் கண் வைத்தது இதனால்தான்.

இங்கே வணிகர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். திருப்பிச் சொன்னால், வேகம் பாதியானால் எதிர்ப்பு கால் பங்காகக் குறைந்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரிக்குக் கண்ணாடி ஒரு சுமை. 40 கிலோமீட்டரில் போகும் குட்டியானைக்கு அது பொருட்டே அல்ல.

நம் கணக்கு

தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். சிறு சுமை வண்டி ஒன்று தருமபுரிக்கும் பாலக்கோட்டுக்கும் சரக்கெடுக்கப் போய்வந்து, கிராமக் கடைகளுக்கும் விநியோகம் செய்து ஒரு நாளில் 60 கிலோமீட்டர் ஓடுகிறது என்று கொள்வோம். சராசரி வேகம் 40-க்கு மேல் போவதில்லை. அந்த வேகத்தில் இரண்டு சிறு பக்கக் கண்ணாடிகளும் காற்றைத் தள்ள எடுத்துக்கொள்ளும் திறன் 30 வாட் அளவில்தான் இருக்கும். ஒன்றரை மணி நேர ஓட்டத்துக்கு அது 0.045 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 45 காசு.

சரி, அந்த 45 காசையாவது மிச்சப்படுத்தலாமே என்றால், கண்ணாடிக்குப் பதிலாக வரும் இரண்டு கேமராவும் இரண்டு திரையும் காற்றைக் குடித்து ஓடுபவை அல்ல. அவையும் ஏறக்குறைய அதே அளவு மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் போட்டதுபோல் ஆகிவிடும்.

பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரவோடிரவாக வரும் மொத்தச் சரக்கு லாரியின் கணக்கு வேறு. அந்த லாரி ஓட்டம் முழுக்க வேகத்தில் போகிறது. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்டு 55 டன் மின்சார இழுவை லாரி வரைக்கும் வந்துவிட்டது. முருகப்பா குழுமத்தின் மான்ட்ராவும் அதே எடைப் பிரிவில் லாரி செய்கிறது. நாளைக்கு இத்தகைய லாரிகளில் கேமரா வந்தால் அதில் அர்த்தம் இருக்கும். இன்றைக்கு அவையும் கண்ணாடியோடும் வைப்பரோடும்தான் ஓடுகின்றன.

காட்சியில் ஒன்று, கையில் ஒன்று

அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் 2017 நவம்பரில் தனது மின்சார லாரியான செமியை மேடையில் காட்டியபோது அதற்குப் பக்கக் கண்ணாடி கிடையாது, கேமராதான். பத்திரிகைகள் எல்லாம் எதிர்கால லாரி என்று எழுதின. ஐந்து ஆண்டு கழித்து 2022 டிசம்பரில் பெப்சி நிறுவனத்துக்கு முதல் லாரிகளை ஒப்படைத்தபோது பார்த்தால், இரு பக்கமும் சாதாரணக் கண்ணாடி! அமெரிக்கச் சட்டம் கண்ணாடி இருந்தே ஆக வேண்டும் என்கிறது. கேமரா வைத்துக்கொள்ளத் தடையில்லை, ஆனால் கண்ணாடிக்குப் பதிலாக அல்ல. ஜப்பானில் 2016 முதல் கேமராவே போதும் என்று அனுமதித்தார்கள். ஐரோப்பாவிலும் அனுமதி உண்டு. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு.

அதே நிறுவனத்தின் சைபர்டிரக் கதை இன்னும் வேடிக்கை. 2019-இல் அதைக் காட்டியபோது கண்ணாடியும் இல்லை, வைப்பரும் இல்லை. 2023 கடைசியில் விற்பனைக்கு வந்தபோது இரண்டும் இருந்தன. வைப்பர் ஒன்றே ஒன்று, ஏறத்தாழ நாலடி நீளத்துக்கு! 2024 ஜூனில் அந்த வைப்பரின் மோட்டார் நின்றுபோகக்கூடும் என்று தெரிந்து 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. விளம்பரப் படத்தைப் பார்த்துச் சரக்கு பிடித்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல.

வைப்பருக்கு மாற்று

வைப்பரின் வயது நூறைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி நியூயார்க்கில் டிராம் வண்டியில் போகும்போது, முன்கண்ணாடியில் படியும் பனியால் ஓட்டுநர் படும் பாட்டைப் பார்த்து, உள்ளிருந்தே கைப்பிடியால் இயக்கும் துடைப்பானுக்கு 1903 நவம்பரில் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்தில் அதை வாங்க ஆளில்லை, அவருக்கு அதனால் வருமானமும் இல்லை. விட்டு விட்டுத் துடைக்கும் வைப்பரைக் கண்டுபிடித்த ராபர்ட் கேர்ன்ஸ் வேறு மாதிரி. தன் யோசனையை எடுத்துக்கொண்டதாக ஃபோர்டு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு, பன்னிரண்டு ஆண்டு போராடி, 1990-இல் ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்கினார். தூறலுக்கு விட்டு விட்டு ஆடும் அந்தச் சின்ன வசதியைத்தான் இன்று நாம் யோசிக்காமல் திருகுகிறோம்.

இந்த ரப்பர் துடைப்பானை ஒழித்துக்கட்டப் பலரும் முயன்று பார்க்கிறார்கள். 2013-இல் பிரிட்டனின் மெக்லாரன் கார் நிறுவனம், காதுக்குக் கேளாத நுண்ணொலி அதிர்வால் கண்ணாடியை நடுங்கவைத்து நீரை உதறும் முறையை ஆராய்வதாகச் செய்தி வந்தது. அப்படியொரு கார் இதுவரை கடைக்கு வரவில்லை. அதே அதிர்வு முறை நகக்கண் அளவுள்ள கேமரா லென்ஸில் நன்றாக வேலை செய்கிறது. ஒரு கெஜ அகலக் கண்ணாடியை முழுக்க அதிரவைப்பதுதான் சிரமம். லேசர் ஒளியால் அழுக்கைச் சுட்டு அகற்றும் முறைக்கு டெஸ்லா 2021 செப்டம்பரில் காப்புரிமை பெற்றது. லேசர் உள்ளே இருப்பவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்பதற்கே தனியாகப் பாதுகாப்பு வேண்டும். காற்றை வேகமாக ஊதி மழைத்துளியைக் கண்ணாடியில் விழாமலே திருப்பிவிடும் யோசனையும் பழையதுதான். அந்த அளவு காற்றை ஊதும் மோட்டார், வண்டியின் பேட்டரியைத் தின்றுவிடும்.

நம் சாதாரண வைப்பர் எவ்வளவு தின்கிறது? மோட்டார் 50 வாட் அளவு. விடாமல் 20 மணி நேரம் ஆடினால்தான் ஒரு யூனிட் ஆகும். 2022-இல் டாடா கொண்டுவந்த மின்சார ஏஸ் வண்டியின் பேட்டரி 21.3 யூனிட் கொள்ளளவு. ஐப்பசி அடைமழையில் நாள் முழுக்க வைப்பர் போட்டாலும் பேட்டரிக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே மின்சாரம் மிச்சமாகும் என்பதற்காக வைப்பரை ஒழிக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

விலையுயர்ந்த கார்களில் மழை பெய்ததும் வைப்பர் தானாக ஓடத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் மாயம் ஒன்றுமில்லை. கண்ணாடியின் உட்புறத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சுகிறார்கள். கண்ணாடி உலர்ந்திருந்தால் ஒளி முழுவதும் உள்ளுக்கே திரும்பி வரும். வெளியே துளி இருந்தால் அதன் வழியே ஒளி கொஞ்சம் கசிந்துபோகும். திரும்பி வரும் ஒளி குறைந்தால் மழை என்று வண்டி தெரிந்துகொள்கிறது.

கடையில் விற்கும் நீர் ஒட்டாத பூச்சு பற்றியும் ஒரு வார்த்தை. இதைப் பூசினால் நீர் தாமரை இலைத் துளிபோல் உருண்டு நிற்கும். 60 கிலோமீட்டருக்கு மேல் போகும் வண்டியில் எதிர்க்காற்றே அந்தத் துளிகளை அடித்துக்கொண்டு போய்விடும். வேகம் குறைந்த வண்டியில் துளிகள் அப்படியே குந்தியிருக்கும். இரவில் எதிரே வரும் விளக்கொளி ஒவ்வொரு துளியிலும் சிதறி கண்ணைக் கூசும். பழைய லாரி ஓட்டுநர்கள் இதற்கு நேர்மாறான காரியத்தைச் செய்வார்கள். வைப்பர் மக்கர் செய்தால் பீடித்தூளையோ நறுக்கிய உருளைக்கிழங்கையோ கண்ணாடியில் தேய்ப்பார்கள். அப்போது நீர் துளித்துளியாக நில்லாமல் மெல்லிய ஏடாகப் படர்ந்துவிடும், ஏட்டின் வழியே பார்வை ஓரளவு தெளிவாகப் போகும். நாலு மழைக்குத் தாங்காது என்றாலும், 30 கிலோமீட்டர் வேகத்துக்குப் பூச்சு டப்பாவைவிட உருளைக்கிழங்கின் தத்துவமே பொருத்தம்.

நமக்கு எது வேண்டும்?

இவ்வளவும் சொன்னதால் கேமராவே வேண்டாம் என்று பொருள் கொள்ள வேண்டாம். பக்கக் கண்ணாடிக்குப் பதிலாக வரும் கேமரா நமக்கு வேண்டாம். வண்டியின் பின்னால் பார்க்கும் கேமரா கட்டாயம் வேண்டும். மின்சார வண்டிக்கு அது டீசல் வண்டியைவிடவும் அதிகமாக வேண்டும்.

காரணம், மின்சார வண்டிக்குச் சத்தம் இல்லை. டீசல் வண்டி ரிவர்ஸ் எடுத்தால் தெருக்கோடி வரை தெரியும், விளையாடும் பிள்ளைகூட ஒதுங்கிக்கொள்ளும். மின்சார வண்டி சத்தமில்லாமல் பின்னால் வரும். குறைந்த வேகத்தில் செயற்கையாக ஒலி எழுப்பும் கருவியை ஐரோப்பாவில் 2021 முதல் எல்லாப் புதிய மின்சார வண்டிகளுக்கும் கட்டாயமாக்கியது இதனால்தான். நம் கடைத்தெருவிலோ சந்தை நாளில் ஒரு வண்டி நிற்கவே இடமில்லை. கடையின் பின்வாசலில் சரக்கு இறக்க வேண்டுமானால் சந்துக்குள் ரிவர்ஸில்தான் போக வேண்டும். மூடிய பெட்டி வைத்த வண்டியில் பின்பக்கம் பார்க்க உள்கண்ணாடியும் உதவாது.

எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு தெரியவில்லை என்பதை ஒரு காலி எண்ணெய் டின்னை வைத்து நீங்களே சோதிக்கலாம். 15 கிலோ டின்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரண்டரை அடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். நடக்கத் தொடங்கிய பிள்ளையின் உயரம் அது. ஓட்டுநரை அவர் இருக்கையில் உட்காரச் சொல்லுங்கள். டின்களை வண்டியின் பின்புறம் நட்டநடுவில் ஒட்டி வையுங்கள்.

"தம்பி, டின் தெரியுதா?"

"இல்லீங்கண்ணா."

ஓர் அடி தள்ளி வைத்துக் கேளுங்கள். மறுபடியும் ஓர் அடி. டின்னின் விளிம்பு ஏதாவது ஒரு கண்ணாடியில் முதன்முதலாகத் தெரியும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். பிறகு இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் அதே போலச் செய்யுங்கள். அந்தக் கோடுகளுக்கும் வண்டிக்கும் இடையே உள்ள தரை முழுவதும் ஓட்டுநருக்கு இருட்டு. நேர் பின்னால் சில வண்டிகளில் எவ்வளவு தூரம் தள்ளினாலும் டின் தெரியவே தெரியாது. இதைச் செய்யும்போது சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.

அந்த இருட்டைப் பக்கக் கண்ணாடி எவ்வளவு பெரிதானாலும் போக்காது. சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் ரிவர்ஸ் கேமரா போக்கும். நம் நாட்டில் புதிய கார்களுக்கு 2019 ஜூலை முதல் பின்னே தடையிருந்தால் ஒலிக்கும் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். சுமை வண்டி வாங்கும்போது நாமாகவே இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். வண்டியோடு வராவிட்டால் விற்பனை நிலையத்திலேயே பொருத்தித் தரச் சொல்லுங்கள். மின்சார வண்டியில் ஆரஞ்சு நிறக் கம்பிகளில் உயர் அழுத்த மின்சாரம் ஓடுகிறது. தெருமுனை எலக்ட்ரீஷியன் கம்பியை வெட்டி ஒட்டினால் உயிருக்கும் ஆபத்து, பேட்டரியின் உத்தரவாதமும் போய்விடும்.

கேமரா வைத்த பிறகும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்பார்வைக் கண்ணாடியும் வைப்பரும் இருக்க வேண்டும் என்கின்றன. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் எப்.சி.க்குப் போகும்போது வண்டி திரும்பி வரும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். சந்தில் இடித்து உடைந்த கண்ணாடியை மாற்றாமல் மாதக்கணக்கில் ஓட்டும் வண்டிகள் நம்மிடையே எத்தனை என்று வாசலில் நின்று எண்ணிப் பார்த்தால் தெரியும்.

ஓட்டுநரின் வயதையும் கவனிக்க வேண்டும். கண்ணாடியில் பார்க்கும்போது கண் தூரத்துப் பொருளையே பார்க்கிறது. திரையில் பார்க்கும்போது இரண்டடி தூரத்தில் உள்ள படத்தைப் பார்க்கிறது. நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவருக்குச் சாலையிலிருந்து திரைக்கும் திரையிலிருந்து சாலைக்கும் பார்வையை மாற்றுவது எளிதல்ல. ஐரோப்பிய ஓட்டுநர்களுக்கும் கேமராவில் தூரத்தை மதிப்பிடப் பழக நாளானது. 2022-இல் மெர்சிடிஸ் கேமராக் கைகளைப் பத்து சென்டிமீட்டர் குறைத்ததும், பார்வை பழைய கண்ணாடியைப் போலவே இருந்தால் நேராக ரிவர்ஸ் எடுக்க வசதி என்பதால்தான். நம் வண்டியின் ரிவர்ஸ் திரையையும் ஓட்டுநருக்கு எட்டாத மூலையில் மாட்டாமல், அவர் கண்ணுக்கு நேராக மாட்டச் சொல்லுங்கள்.

வைப்பருக்கு வருவோம். ரப்பர் வெயிலில்தான் கெடுகிறது, மழையில் அல்ல. சித்திரை, வைகாசி வெயிலில் காய்ந்து வெடித்த ரப்பர் முதல் மழையில் கோடு கோடாக இழுக்கும். ஆடி பிறக்குமுன் ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு சொரசொரப்பாக இருந்தால் மாற்றிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். புழுதி படிந்த கண்ணாடியில் உலர் வைப்பர் போடுவது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். முதலில் தண்ணீர், பிறகுதான் வைப்பர். மழையில் ஜன்னலை முழுக்க மூடி ஓட்டினால் உள்ளே மூச்சின் ஈரம் கண்ணாடியில் படிந்து மறைக்கும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு ஏ.சி. அறை கட்டாயம், அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் சிறு வண்டிகளுக்கு அந்த விதி பொருந்தாது. ஜன்னலை இரண்டு விரல் திறந்துவைத்து, காற்றுவிசிறியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட வேண்டும்.

மின்சார வண்டி வாங்குவோர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ரிவர்ஸ் கேமரா வண்டியோடு வருகிறதா, பக்கக் கண்ணாடி உடைந்தால் தனியாகக் கண்ணாடி மட்டும் கிடைக்குமா, முழு உறையோடுதான் வாங்க வேண்டுமா, வைப்பர் ரப்பர் தருமபுரியில் இருப்பு வைத்திருக்கிறார்களா, பின்னால் வரும்போது வண்டி ஒலி எழுப்புமா. பதிலை வாயால் கேட்டுக்கொண்டு வராமல் விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.